ஆட்டுக்கு மேல் பல் தேடிய சீரியல்

என் அன்பான வம்புக்காரி பூங்கொடி அக்கா,

நம் சீரியலில் ஒருவழியாக ஆட்டுப் போட்டி எபிசோட் வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் நடத்திய ரசிகர் பேஜில் வாரா வாரம் கெஞ்சிக் கேட்டோமே, அதேதான். நீ கண்ணை மூடி எட்டு மாதம் கழித்து, போன வெள்ளிக்கிழமை போட்டார்கள். பார்க்காமல் தப்பித்தாய்.

அந்த அபார்ட்மெண்ட் குடும்பம் கிராமத்துக்குப் போகிறது. போய் இறங்கியதும் ஆளுக்கொரு தலைப்பாகை. கிராமம் என்றால் தலைப்பாகைதான் என்று எந்த ஏசி ரூமில் முடிவு பண்ணினார்களோ. வாய்க்கு வாய் செம்மறி, செம்மறி என்கிறார்கள். கயிற்றில் நிற்பது வெள்ளாடு. அதுவே அவமானத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இதெல்லாம் போகட்டும். மாமனார்தான் நடுவர். ஒரு ஆட்டுக்காரம்மாவின் ஆட்டு வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "மேல் பல்லு மொத்தமும் கொட்டிப்போச்சு. கிழட்டு ஆட்டைக் கொண்டாந்து ஏமாத்துறியா?" என்கிறார். பின்னணியில் கொல்லென்று சிரிப்பு. அந்தம்மா அவர் காலில் விழுந்து, "தெரியாம பண்ணிட்டேன் சாமி" என்று அழுகிறாள். மறுபடியும் சிரிப்பு.

இது உன் ஜோக் இல்லையா?

மருங்காபுரியில் உன் ஆட்டைப் போட்டிக்குக் கூட்டிப்போன அன்று, கால்நடை டாக்டர் அதன் கீழ்ப் பல்லைப் பார்த்து "நாலு பல்லு" என்று வயசு எழுதினார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "மேல் பல்லு எங்கக்கா? யாராச்சும் தட்டிட்டாங்களா?" என்றேன். நீ வீடியோ எடுத்துக்கொண்டே, "ஆட்டுக்கு மேல முன்பல்லே கிடையாதுடி. ஸ்ரீரங்கத்துல ஆடே மேயாதா?" என்றாய். அதை நம் பேஜில் போட்டு என் மானத்தை வாங்கினாய். சீரியல்காரர்களே வந்து லைக் போட்டிருந்தார்கள்.

உன் ஜோக்கில் முட்டாள் நான். அவர்கள் அதைச் சுட்டுக்கொண்டு போய், ஆட்டுக்காரியைத் திருடியாக்கிவிட்டார்கள். சுடுகிறவனுக்குச் சுட்டது என்னவென்றாவது புரிய வேண்டாமா?

கண்ணாடி மாற்ற ஊரிலிருந்து வந்த பெரியம்மாவும் என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் ஆட்டு வாயைப் பாத்திருக்கானா, இல்ல ஆட்டுக்கறிய மட்டும்தான் பாத்திருக்கானா?" என்றார். அடுத்து என் பக்கம் திரும்பி, "அது எம்பொண்ணு சொன்னதுதானே? அவளையே ஏன்டி கால்ல விழ வெச்சிருக்கான்?" என்று கேட்டார்.

உன் அம்மா கேட்ட கையோடு ஃபோனை எடுத்தேன்.

சீரியல் பேஜுக்கு மெசேஜ் போட்டேன். ஜோக்கை எங்கே எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், தப்பைத் திருத்துங்கள் என்றேன். "உங்க பேஜ்தான் எங்களுக்கு இன்ஸ்பிரேஷன் மேம். ஒரு வாழ்த்து வீடியோ போடுங்க, ஷேர் பண்றோம்" என்று பதில் வந்தது. கூடவே மூன்று இதயம். வாழ்த்தாம். ஆட்டுக்கு எத்தனை பல் என்று கூகுளில் தட்டத் தெரியாதவனுக்கு இதயம் மட்டும் மூன்று.

நம் பேஜ் பசங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "லாஜிக் பாக்காதீங்க சிஸ்டர், காமெடி" என்றான் ஒருவன். "லாஜிக் இல்ல தம்பி, பல்லு" என்றேன். அன்ஃபாலோ பண்ணிவிட்டுப் போனான். போகட்டும்.

நேற்று உன் வீடியோவைத் தேடி எடுத்து, உன் முழுப்பெயரோடு பேஜின் உச்சியில் குத்தி வைத்தேன். பக்கத்திலேயே அந்த எபிசோட் துண்டு. விளக்கம் எதுவும் எழுதவில்லை. பெரியம்மா ஃபோனை வாங்கி உன் குரலை நான்கு தடவை கேட்டார். பிறகு, "இதுல எழுதுறது எப்படி?" என்றார். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், பத்து நிமிடம் தட்டினார்.

"இது என் மக பேசுனது. அவ ஆடு கெழடு இல்ல."

அதற்குக் கீழே ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து, அவரவர் ஆட்டு வாயைத் திறந்து ஃபோட்டோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சீரியல்காரர்களிடமிருந்து இப்போது இதயமும் இல்லை, பதிலும் இல்லை.

அக்கா, அவர்கள் என்ன கெஞ்சினாலும் அந்த வீடியோவை எடுக்க மாட்டேன். பெரியம்மாவின் வரிக்கு மேலே வேறு யார் வரியையும் ஏறவிட மாட்டேன்.

பேஜில் உன் பாதியையும் காவல் காக்கும்,
உன் சித்தி மகள் ரம்யா