சிம்னிக்கு அடித்த சுண்ணாம்பு

சித்திரை 22, செவ்.
காலையிலேயே அனல். இடையஞ்சாவடி கட்டட வேலை முடிந்தது. உப்பள வேலைக்குப் போகாமல் ஒரு மாதம் அங்கே பள்ளம் தோண்டினேன். ஆறடி ஆழத்தில் நீளக் குழாய், மாடியில் சிம்னி. வெயிலில் சிம்னி சூடாகும், வீட்டுப் புழுக்கம் அது வழியாக மேலே போகும், அந்த இடத்துக்கு மண்ணுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வரும். மார்கழியில் அதே குழாயில் கதகதப்பாக வருமாம்.

என் வீட்டுக்காரி கஸ்தூரிக்கு இரண்டு காலமும் ஆகாது. வெயிலில் நம்ம ஷீட்டு வீட்டுக்குள் மூச்சு முட்டும், பனியில் இழுக்கும். திண்டிவனத்தில் அவள் தம்பி வீட்டுக்குப் போய் நாற்பது நாள். வீடு இப்படியே இருந்தால் திரும்ப அனுப்பாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே குழாயும் சிம்னியும் நம்ம வீட்டிலும் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

குழாய் – மேஸ்திரி மிச்சத்தைத் தந்தார்.
தகரம், சிமெண்ட் – வாங்கணும்.

24, வியா.
வெட்டிய குழியைப் பக்கத்து வீட்டு சேகர் எட்டிப் பார்த்தான்.
"ஏம்பா, யாருக்கு இம்மாம் நீளக் குழி?"
"உனக்குத்தான். அளவு சரியா இருக்குதான்னு படுத்துப் பாரு."
ஓடியே போனான். குழாய் புதைத்தாயிற்று.

போனில் கஸ்தூரி. "சாப்ட்டீங்களா?"
"நீ இல்லாம கொழம்புல உப்பே இல்ல."
"உப்பளத்துல இருந்துக்கினு உப்பு இல்லையாம்! பொய்யப் பாரு."
சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் இருமல். வைத்துவிட்டாள்.
அவள் தலையணையை வெயிலில் போட்டு எடுத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

26, சனி
கூரைமேல் தகரச் சிம்னி நிறுத்தி, பளிச்சென்று சுண்ணாம்பு அடித்தேன். வீட்டுக்குள் குழாய் வாயில் சாம்பிராணி வைத்தால் புகை அசையவே இல்லை. மனசே விட்டுப்போச்சு. மேஸ்திரிக்குப் போன்.
"யோவ், சிம்னி சூடாவணும்யா! அதைப் போயி குளிர வெச்சிருக்க. கறுப்பு அடி!"
வருஷா வருஷம் கூரைக்கு வெள்ளை அடித்த கை. உப்புக்கு வெயில் வேண்டும், வீட்டுக்கு வேண்டாம். அப்படியே பழகிவிட்டது.

27, ஞாயி.
குப்பத்தில் படகுக்கு அடித்தது போக மிச்சக் கறுப்பு பெயிண்ட் கிடைத்தது. காலையில் அடித்தேன். மூன்று மணிக்குச் சாம்பிராணிப் புகை என் பக்கம் சாய்ந்தது. கணுக்காலில் சில்லென்று காற்று. உடனே போன் போட்டேன்.
"காத்து வருதா?"
"வருது. நீதான் வரல."
"போனை அங்க வைங்க."
வைத்தேன். குழாய்க் காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
வர்றேன் என்று சொல்லவில்லை. காலை பஸ் இன்னும் ஆறரைக்குத்தானா என்று கேட்டாள்.
பாத்திரம் எல்லாம் கழுவாமல் கிடக்கிறது.