பக்கத்து வீட்டு போன் நம்பர்

12.10.2006, வியாழன் இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக அம்மாவிடம்.

போன வாரம் வேலூரிலிருந்து ஒரு நர்ஸ் அக்காவும் வெள்ளைக்கார டாக்டரும் பள்ளிக்கு வந்தார்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நாமே போன் செய்து சொல்ல வேண்டுமாம். நோய் எங்கே பரவுகிறது என்று பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து பார்ப்பார்களாம். பெயர் வெளியே போகாதாம்.

அம்மாவுக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறாள். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பயமாக இருந்தது. நேற்று பூத்திலிருந்து போன் செய்து அம்மா பெயரைச் சொன்னேன். திருப்பிக் கூப்பிட நம்பர் கேட்டார்கள். எங்கள் வீட்டில் போன் இல்லாததால் எப்போதும் போல பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டேன். அது அம்மாவின் சூப்பர்வைசர் வீடு. பதற்றத்தில் அது தோன்றவே இல்லை.

சாயங்காலம் அவர் மனைவி வாசலில் நின்று கத்தினார். "இன்னா செல்வி, காய்ச்சல வச்சிக்கினு கம்பெனிக்குப் போறியாமே? போன் போட்டு உடம்பு எப்டி இருக்குதுன்னு கேக்கறாங்க. பெரிய ஆளாய்ட்ட! அவர் வரட்டும், சொல்றேன்."

"யாரோ தப்பா சொல்லிருக்காங்கக்கா," என்று அம்மா சிரித்தாள். உள்ளே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எவ வயிறெரிஞ்சு சொன்னாளோ," என்றாள். நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

இப்போது முனகிக்கொண்டே தூங்குகிறாள். தொட்டால் கை சுடுகிறது.

கதவைத் தட்டுகிறார்கள். சூப்பர்வைசர் குரல்தான். அம்மா எழுவதற்குள் போய், காய்ச்சல் எனக்குத்தான் என்று