அந்த மஞ்சள் மசியல்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைதான் எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்கிறாள், கேரட்டைத் துப்புகிறாள், முட்டையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள், எடையே ஏறவில்லை என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சின்ன வயதில் எனக்கு ஊட்டுவாயே, அந்த மஞ்சள் மசியலை எப்படிச் செய்வது, எழுதி அனுப்பு அம்மா என்று கேட்டிருக்கிறாய். மருமகளிடமும் அம்மாவின் கைப்பக்குவம் என்று பெருமையடித்திருக்கிறாயாம்.

அது என் கை இல்லையடா, உன் அத்தை கை. உனக்கு ஒன்றரை வயதில் நான் குழந்தைகள் காப்பகத்துச் சமையற்கட்டில் நாற்பது பேருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ எழுவதற்கு முன்னால் கிளம்பினால் நீ தூங்கிய பிறகுதான் வருவேன். உனக்கு வேளாவேளைக்கு ஊட்டியது உன் அப்பாவின் அக்காதான். நீ வளர்ந்து அம்மா மசியல், அம்மா மசியல் என்று சொன்னபோதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. என் வயிற்றெரிச்சல் எனக்கு. பெற்றவள் நான், பேராவது எனக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டிலிருந்து கிளம்பிய அன்று, மருமகளுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது என்று அத்தை சொன்னது தப்புதான். அதற்கு நீ, "ரெண்டு வேளை சோறு போட்டதுக்கு ரொம்ப உரிமை கொண்டாடாதே" என்று கேட்டுவிட்டாய். நான் அடுப்படி வாசலில் கையில் தட்டோடு நின்றேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். அதிலிருந்து உன் போன் வந்தால் அவள் மாடிக்குப் போய்விடுகிறாள், நீயும் அத்தை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன் கோபம் மட்டும் மூன்று வருடம் தாங்கும், மசியல் மட்டும் உடனே வேண்டும்.

தெரிந்ததை எழுதுகிறேன். பூசணிக்காயையும் கேரட்டையும் தோல் சீவி ஆவியில் வேகவை, விரலால் அமுக்கினால் நசுங்க வேண்டும். முட்டையை நன்றாக வேகவை, அரைவேக்காடு கூடாது. உப்புப் போடாதே. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். போன வாரம் காப்பகத்தில் இப்படித்தான் மசித்துக் கொடுத்தேன், பாதிப் பேர் துப்பிவிட்டார்கள். அத்தை வேறு என்னமோ சேர்ப்பாள். ஒருநாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால்தானே தெரியும்.

வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன். "கேக்கறது அவனா, நீயா?" என்றாள். நான்தான் என்றேன். உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "குழந்தைக்கு எத்தனை பல்லு முளைச்சிருக்கு? அதைப் பாத்துத்தான் மசிக்கணும்" என்றாள். காப்பகத்தில் யாருக்கு எத்தனை பல் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். என் பேத்திக்கு எத்தனை என்று தெரியாமல் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிட்டதும் போனை அத்தை கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். மாடிக்குப் போகவிடமாட்டேன். குழந்தைக்கு வயிறு நிறையட்டும், நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருங்கள். கூப்பிடுவதற்கு முன் மறக்காமல் பல்லை எண்ணி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்