தண்ணீரில் ஊறிய கறி

ஒல்கி நகரம்
செப்டம்பர் 6

என் மகளின் தகப்பனுக்கு, குன்சுலுவின் சலாம்.

அக்மரால் இப்போது இருமாமல் தூங்குகிறாள். குளிர்காலம் முடியும்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்கிறார்கள். நான் மலைக்கு வர வழியில்லை, நீங்களும் இறங்கி வருகிற மாதிரி தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கடைத்தெருவில் ஒரு ஜீப் நிறைய வெளிநாட்டுப் பயணிகள் நம் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கழுகில்லாத வேட்டைக்காரன் வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை? போன குளிரில் இவள் மூச்சுக்குத் திணறியபோது, கையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு, "இவ பொழச்சா போதும், பனி உருகினதும் கழுகை விட்டுடறேன்" என்று ரொட்டிமேல் சத்தியம் செய்து அழுதீர்கள். வசந்தத்தில் விட்டுவிட்டதாக எழுதினீர்கள். என் சக்களத்தி போய்விட்டாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நம்பலாம்தானே?

குன்சுலு

மலைவீடு
செப்டம்பர் 15

சந்தேகத்தின் மறுபெயரான என் வீட்டுக்காரிக்கு,

பத்து வருஷம் என் கையில் உட்கார்ந்தவளை உச்சியில் விட்டேன். வழக்கப்படி அவளுக்குக் கடைசி விருந்தாக ஆட்டை அறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். இன்னும் என்ன சொல்லச் சொல்கிறாய்?

வருகிறவர்களுக்குக் கழுகு ஒன்றுதானா? பனியாறு இல்லையா, ஏரி இல்லையா? நேற்று ஒருத்தி ஓநாய்த் தடத்தைப் பார்த்துவிட்டுக் குதிரைமேல் உட்கார்ந்தபடியே கூத்தாடினாள். பாறையில் நின்ற காட்டாட்டைப் பார்த்து அவள் புருஷன் கண்ணீர் விட்டான். நமக்குத்தான் அந்த ஆட்டைப் பார்த்தால் குழம்பு ஞாபகம் வருகிறது.

கழுகின் கண்ணை மூட நீ தைத்த தொப்பியை அனுப்பியிருக்கிறேன். இனி அது எனக்கு எதற்கு? குழந்தைக்குக் காய்ந்த தயிர்க்கட்டி வைத்திருக்கிறேன்.

உன் போலத்பெக்

ஒல்கி
செப்டம்பர் 24

என் மகளின் தகப்பனுக்கு,

தொப்பி வந்தது. அதைப் பார்த்ததும் உங்களைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் ஒரு கிண்ணம் தேநீர் குடித்து முடிக்கும்வரைதான் இருந்தது.

கொண்டுவந்த ஜீப்காரன் பத்சுக் தலைநகரத்துப் பையன், மங்கோலியன். நம் வழக்கம் ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? நல்ல கறியை வாளித் தண்ணியில ஊறப்போட்டு, ரத்தத்தையெல்லாம் பிழிஞ்சு வெள்ளையாக்கி வெச்சிருக்கார். இதை எப்படி திங்கிறீங்க?"

நான் கசாக் வீட்டில் பிறந்தவள். வேட்டைக்கு முன் கழுகுக்குப் பசியேற்றத்தான் சத்துப் போன அந்தக் கறி என்பது எனக்குமா தெரியாது?

நேற்றிலிருந்து அக்மரால் மறுபடி இருமுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் காலைப் பிடிக்கிறேன், அந்தக் கழுகை விட்டுவிடுங்கள்.

குன்சுலு

மலைவீடு
அக்டோபர் 2

குன்சுலு,

அந்தக் கறி நாய்க்கு. கிழட்டு நாய், பல் இல்லை, ஊறினால்தான் தின்னும். ஊருக்குப் போனதும் நீ போலீஸ்காரி ஆகிவிட்டாய்! நாளை ஒரு கூட்டத்தைப் பனியாற்றுக்கு அழைத்துப் போகிறேன், திரும்ப நாளாகும். குழந்தைக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கி மார்பில் தேய்.

போலத்பெக்

மலைவீடு
அக்டோபர் 5

போலத்பெக்,

உங்கள் வீட்டிலிருந்தே எழுதுகிறேன். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன்.

நாய்க்கு ரத்தத்தைப் பிழிந்து கொடுக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். தலையில் புதுத் தொப்பி, கோணல் தையல், உங்கள் கைவேலைதான். என் குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பினாள்.

பத்சுக் திட்டிக்கொண்டே உச்சிவரை ஜீப்பை ஏற்றினான். ஆட்டையும் அவனே அறுத்தான். கழுகுக்கு எதற்கு ஹலால்? கால் வாரை அவிழ்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். அவள் ஆட்டின்மேல் நின்றுகொண்டு என்னைத் தேடினாள், உங்களைத் தேடினாளோ என்னவோ. தின்றாள். பிறகு காற்று வந்தது, போய்விட்டாள். பத்து வருஷம் உங்களைப் பங்குபோட்டவளுக்காக நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா?

அவளைப் பறக்கவிட உங்களுக்கு மனசு வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நம் பெண்ணின் மூச்சின்மேல் சத்தியம் செய்துவிட்டு, அந்த மூச்சு திணறும்போதும் பொய் எழுதினீர்களே, அதுதான் ஆறவில்லை.

கழுகு உட்காரும் கட்டையில் நான் தைத்த தொப்பியை மாட்டியிருக்கிறேன். இந்தக் கடிதம் அதற்குள் இருக்கும்.

பெண்ணைப் பார்க்க வாருங்கள். கதவு சாத்தியிருக்காது. பசித்தால் ரொட்டி தருவேன். தின்னுங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டும் இனி என்னிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

குன்சுலு