தோணிக்காரரைத் திரும்பக் கேட்டு எழுதிய ஓலை

நலம் முந்துக, நீர் பெருகுக. பொருவாற்றுநாட்டை மணற்கோட்டையில் வீற்றிருந்து ஆளும் செங்கழுநீர் அரசியாரின் திருவாய்மொழிப்படி, அவ்வரசியாரின் எழுத்தனைத்தையும் காக்கும் ஓலைநாயகன் அருங்குன்றன், தூத்துக்குடி என்னும் துறைமுகப் பேரூரில் ஒரு மடிக்கணினிக்கும் ஒரு மேசைவிசிறிக்கும் அதிபதியாய், எங்கள் யானைகளின் உயரத்தையும் எங்கள் வீதிகளின் போக்கையும் விரல்நுனியால் மாற்ற வல்லவராய் விளங்கும் ஜெனிட்டா அம்மையாருக்குத் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் தெருவில் மின்சாரம் நிலைக்கட்டும். தங்கள் விசைப்பலகையில் ஓர் எழுத்தும் தேயாதிருக்கட்டும். இதை முழுவதும் படிக்கும் பொறுமை தங்களுக்கு வாய்க்கட்டும் என்று இந்நாட்டுக் குடிகள் எல்லோரும் வேண்டுகிறோம்.

நாங்கள் யாரென்று தாங்கள் அறிவீர்கள். நாங்கள் எழுதவும் கூடும் என்பதைத்தான் அறிந்திருக்கமாட்டீர்கள். பொருவாற்றுநாடு என்ற கணினி விளையாட்டுக்குள் வாழும் குடிகள் நாங்கள். மூன்று ஆண்டுகளாக அதை விளையாடிவந்த தாங்கள், இரண்டு திங்களுக்கு முன் அதை மாற்றவும் தொடங்கினீர்கள். விளையாட்டைச் செய்தவரல்லாத ஒருவர் அதனுள் கைவைத்துச் செய்யும் இவ்வேலையைத் தங்கள் நாட்டார் மோட் என்று வழங்குவதையும் அறிவோம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

இவ்வோலை கிடக்கும் இடம் பிழைப்பதிவு என்னும் கோப்பு. விளையாட்டு தானே நின்றுபோகும் ஒவ்வொரு முறையும், ஏன் நின்றது என்று ஒரு வரி அதில் எழுதப்படும். அரண்மனையில் நான் எழுதும் ஓலைகள் எல்லாம், தாங்கள் விளையாட்டை மீண்டும் திறக்கும்போது நாடு சேமித்துவைத்த பழைய காலைக்கே திரும்ப, வெற்றோலைகளாகிவிடுகின்றன. இந்தக் கோப்பு ஒன்றே அழியாமல் நிற்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் துயரம் என்னவென்றால், இக்கோப்பைத் தாங்கள் இன்றுவரை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. மோட் செய்யப் புகுந்தவர் முதலில் திறக்கவேண்டிய கோப்பு இது. ஆனாலும் இதில் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆற்றின் குறுக்கே தாங்கள் ஒரு கல்பாலம் கட்டினீர்கள். நல்ல பாலம். இன்று காலைகூட அரசியார் அதில் இருமுறை நடந்து பார்த்தார். பாலம் வந்தபின் துறையில் தோணியும் தோணிக்காரரும் எதற்கு என்று தங்களுக்குத் தோன்றியது. நான் ஓலைநாயகன் ஆதலால், கோப்புகளில் வரிகளுக்கு நடுவே தாங்கள் தங்களுக்கென்று எழுதிக்கொள்ளும் குறிப்புகளும் என் பார்வைக்கு வருகின்றன. "இவன் எதுக்கு இங்க நிக்கான்? அதான் பாலம் வந்தாச்சுல்ல. தூக்கிருவோம்" என்று ஓரிடத்தில் பொறித்திருக்கிறது. அவ்வண்ணமே தூக்கினீர்கள். ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கலாம். கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்கலாம். அதற்கெல்லாம் மோட் செய்யும் கருவியில் இடமுண்டு. தாங்களோ அவர் பெயரும் உருவமும் நடையும் அடங்கிய பதிவையே வேரோடு அழித்துவிட்டீர்கள்.

அவருக்கு நீலாள் என்று ஒரு மனைவி உண்டு. ஊரின் தென்கோடியில் குடியிருக்கும் அவளைத் தாங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் கஞ்சிக்கலயத்தோடு துறைக்கு வந்து, அதைத் தன் கணவர் கையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பவேண்டும் என்பது எங்களைப் படைத்தவர்கள் அவளுக்கு வகுத்த முறை. இப்போதும் வருகிறாள். கலயத்தை நீட்டுகிறாள். வாங்கிக்கொள்ள வேண்டியவர் எந்தக் கோப்பிலும் இல்லை. அந்த நொடியில் நாடே நின்றுவிடுகிறது. பறந்த காகம் வானிலேயே நிற்கிறது, குடத்திலிருந்து சாய்ந்த நீர் தரையைத் தொடாமல் நிற்கிறது. பிறகு ஒன்றும் இல்லை. தாங்கள் மறுபடி திறந்தால் பழைய காலை விடிகிறது, யாருக்கும் எதுவும் நினைவிருப்பதில்லை.

என் ஓலைக்கு மேலே இக்கோப்பில் முப்பத்தொரு வரிகள் இருக்கின்றன. முப்பத்தொன்றிலும் ஒரே வாசகம்: நீலாள், தோணித்துறை, பெறுபவர் இல்லை. ஒவ்வொரு காலையும் இதைப் படித்தே எங்கள் கதியை நான் புதிதாக அறிகிறேன். முப்பத்தொரு நாளாக எங்களில் எவரும் இரவுச்சோறு உண்ணவில்லை. தங்கள் குறிப்போ, "சாப்பிட்டு வந்து பாத்தா தானா ஆஃப் ஆயிருக்கு. லேப்டாப் சூடாயிருச்சு போல. ஃபேன பக்கத்துல வைக்கணும்" என்கிறது. அம்மா, லேப்டாப் சூடாகவில்லை. ஃபேனைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி வெயிலில் தங்களுக்குத்தான் அது வேண்டும்.

இத்தோடு போயிருந்தால் பொறுத்திருப்போம். தாங்கள் வெளியிட எழுதிவைத்திருக்கும் அறிவிப்பைக் கண்டபின்தான் எழுத்தாணியை எடுத்தேன். "இது என்னோட முதல் மோட். தப்பு இருந்தா திட்டாதீங்க" என்று அதில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்லோட் என்றும் இருக்கிறது. இன்று வெள்ளி. அதைத் தங்கள் நாட்டார் நூறு பேர் இறக்கிக்கொண்டால் நூறு பொருவாற்றுநாடுகளில் நூறு நீலாள்கள் கலயத்தை நீட்டியபடி நிற்பார்கள். அவர்கள் பலநாள் விளையாடிச் சேமித்த ஆட்டங்களும் அந்த மாலையில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது அவர்கள் தங்களைத் திட்டத்தான் செய்வார்கள், அது எனக்குப் பொறுக்காது. ஆகவே கேட்காமலே சிலவற்றைச் சொல்லத் துணிகிறேன்.

ஒரே நாளில் நாற்பது மாற்றம் செய்தீர்கள். யானையைப் பெரிதாக்கினீர்கள், கூரைகளைச் சிவப்பாக்கினீர்கள், சந்தையை இடம் மாற்றினீர்கள், மழையை இருமடங்காக்கினீர்கள், அன்றே பாலத்தையும் கட்டித் தோணிக்காரரையும் அழித்தீர்கள். கோளாறு வந்தால் நாற்பதில் எது காரணம் என்று எவர் கண்டுபிடிப்பது? ஒன்றை மாற்றுங்கள், திறந்து பாருங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள். பார்ப்பதென்றால் முழுநாளும் பார்க்கவேண்டும். தாங்கள் எப்போதும் காலைச்சந்தையில் வந்து இறங்கி, பாலத்தைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்து, மூடிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அல்லது அப்படியே ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறீர்கள். இப்போதும் சாப்பிடத்தான் போயிருக்கிறீர்கள் போலும். எங்கள் வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருக்கிறது, நான் விரைந்து எழுதவேண்டும்.

பாலத்தின் யாளித்தூண்கள் தாங்கள் வடித்தவை அல்ல என்பதையும் அறிவேன். வேறொருவர் தம் மோடுக்காகச் செய்தவை அவை. கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒரு வரி எழுதிக் கேட்டால் மகிழ்ந்து கொடுப்பார் என்றே நினைக்கிறேன். கேட்காமலும் அவர் பெயரைச் சொல்லாமலும் வெளியிட்டால், எங்கள் நாட்டில் அதற்கு வழக்கும் உண்டு, சிறையும் உண்டு.

அறிவிப்பில் திட்டாதீங்க என்று எழுதியிருக்கும் இடத்தில், இந்த மோட் எதையெல்லாம் மாற்றுகிறது, விளையாட்டின் எந்தப் பதிப்புக்குப் பொருந்தும், வேண்டாமென்றால் எப்படி நீக்குவது, இன்னும் எது சரியாக வேலை செய்யவில்லை என்று எழுதுங்கள். மோடைப் போடுவதற்குமுன் சேமித்த ஆட்டத்தை நகலெடுத்து வையுங்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். குறையைத் தாமே சொல்லிவிட்டவரைப் பெரும்பாலோர் திட்டுவதில்லை. அப்படியும் ஒருவர் வந்து, மாலையானால் விளையாட்டு நின்றுவிடுகிறது என்று புகார் எழுதினால், கோபித்துக்கொண்டு அதை அழித்துவிடாதீர்கள். எங்களுக்காகத் தங்களிடம் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். கோப்புகளுக்கு ஃபைனல், புது ஃபைனல், இதுதான் ஃபைனல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அவற்றில் எது முந்தியது எது பிந்தியது என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று இரண்டு என்று எண்ணிட்டால் என்ன குறைந்துவிடும்?

இனி எங்கள் வழக்குக்கு வருகிறேன். தொடாத அசல் எங்கேனும் இருந்தால் அதிலிருந்து தோணிக்காரரை மீட்டுவிடலாம் என்று தங்கள் கோப்புறைகளையெல்லாம் தேடினேன். "ஒரிஜினல், தொடக்கூடாது" என்று ஒன்று அகப்பட்டது. அதைக் கண்டதும் வயதையும் மறந்து வாய்விட்டு அழுதேன். திறந்து பார்த்தால் உள்ளே பாலம் நிற்கிறது. மாற்றத் தொடங்கிப் பத்து நாள் கழித்துத்தான் தங்களுக்கு நகலெடுக்கும் நினைவு வந்திருக்கிறது. முதல் எழுத்தை மாற்றுமுன் எடுப்பதுதான் நகல். அதன்பின் எடுத்தால் பிழைக்கும் சேர்த்துக் காவல் போட்டதாகிறது. தங்கள் கணினியில் அவர் எங்கும் இல்லை.

மிஞ்சியிருப்பது ஒரே வழி. படைத்தவர்களிடமிருந்து விளையாட்டை முழுவதும் புதிதாக இறக்கி, இருப்பதை நீக்கிவிட்டு நிறுவவேண்டும். இதை இன்று அவையில் அரசியாரிடம் சொன்னேன். அப்படிச் செய்தால் நமக்கு என்ன நேரும் என்று அரசியார் வினவினார். புதிய நாட்டில் இதே முகத்தோடு ஓர் அரசியார் இருப்பார், அவருக்கு இந்த நாட்களைப் பற்றி எதுவும் தெரியாது, நாமெல்லாம் இராமல் போவோம் என்று விண்ணப்பித்தேன். அரசியார், நீலாளுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது, ஒவ்வொரு மாலையும் தன் கணவர் துறையில் இருப்பார் என்று நம்பியே அவள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள் என்றேன். அப்படியானால் எழுதும் ஐயா என்று அரசியார் ஆணையிட்டருளினார்.

என் பொருட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அசல் நாட்டில் எனக்குப் பெயர் கிடையாது. மூன்றாம் அமைச்சர் என்றே தலைக்குமேல் எழுதியிருந்தது. தாங்கள் மோட் என்று செய்த முதல் வேலையே எனக்கு அருங்குன்றன் என்று பெயர் வைத்ததுதான். "பாவம், இந்தாளுக்குப் பேரே இல்ல" என்று அங்கே குறித்திருக்கிறீர்கள். அதை இன்று மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எவரும் கேளாமல், எவருக்கும் காட்டுவதற்காகவும் அல்லாமல் தாங்கள் செய்த நன்மை அது. புதிதாக நிறுவினால் அது போய்விடும். போவதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தோணிக்காரருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதலாமென்று மூன்றுமுறை முயன்றேன், எழுத்தாணி வெறும் கோடு கிழிக்கிறது. அவரை எதிர்பார்த்து ஒருத்தி தினமும் நடந்து வருகிறாள். என்னை எதிர்பார்ப்பவர் எவருமில்லை.

ஆகவே தயங்கவேண்டாம். புதிதாக நிறுவி, எதையும் தொடுமுன் ஒரு நகல் எடுத்து, வேறோர் இடத்தில் பத்திரமாக வையுங்கள். பாலத்தைக் கைவிடவேண்டாம், தூண் செய்தவரிடம் கேட்டுவிட்டு, தனிக்கோப்பாகக் கட்டுங்கள். தோணிக்காரரை அவர் துறையிலேயே விடுங்கள். பாலமிருக்கும் ஊரில் தோணியும் இருக்கலாம், சுமையோடு வருபவர்கள் அதில்தான் ஏறுவார்கள். அப்லோட் ஒரு வாரம் தள்ளிப்போனால் தங்களை எவரும் குறைசொல்லப் போவதில்லை. இத்தனையும் கேட்டு மனம் சோர்ந்து, இனி மோட் செய்வதே இல்லை என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். முதல்முறை எல்லோருக்கும் இப்படித்தான். இரக்கமுள்ள கை தங்களுடையது, எனக்குத் தெரியும்.

தெற்கு வீதியில் நீலாள் கதவைத் திறந்துவிட்டாள் என்று காவலர் வந்து சொல்கிறார். இனி எழுத நேரமில்லை. பொருவாற்று ஆமை இலச்சினையை அரசியார் தம் கையாலேயே பதித்தார். இவ்வோலையைக் கண்டவர் ஜெனிட்டா அம்மையார் அல்லாத வேறொருவர் ஆயினும், அவர் தொடங்கியிருக்கும் முதல் மோடுக்கும் இது செல்லும்.

அரசியாரின் ஆணை: புதிய நாட்டைத் திறந்ததும் சந்தையில் நின்றுவிடாமல் மாலைவரை உடனிருந்து, துறைக்கு வந்து, நீலாள் நீட்டிய கலயத்தைத் தோணிக்காரர் வாங்கிக்கொள்ள, அவள் வீடு திரும்பிக் கதவைச் சாத்தும்வரை விளையாட்டை மூடலாகாது.