கூட்டுக்கும் கூடாரத்துக்கும் நடுவே

மே 29
காலையிலிருந்து காற்று. கருங்கழுத்துக் கொக்குகள் இரண்டும் சதுப்பின் நடுத்திட்டில் புல்லைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் எறிந்துகொண்டே இருந்தன. பார்க்க ஒழுங்கில்லாத வேலை, ஆனால் மாலைக்குள் கூடாகிவிட்டது. போன வருடம் இதே திட்டில் முட்டைகளை நாய்கள் தின்றுவிட்டன. அதனால்தான் வனத்துறை என்னை இங்கே கூடாரம் போட்டுக் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறது. இந்த வருடமாவது லடாக்கின் இந்த ஹன்லே சதுப்பில் ஒரு குஞ்சு பறக்க வேண்டும்.

ஜூன் 3
இரண்டு முட்டை! சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி லே நகரத்தில் இருக்கும் வீட்டுக்கு போன் போட்டேன். மனைவி எடுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சையாக இருக்கும்.

ஜூன் 6
கறுப்பு நாய் ஒன்று வந்தது. விரட்டத்தான் எழுந்தேன். ஆனால் வாசலில் வந்து நிற்கும் நாயை வெறும் வயிற்றோடு அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை. பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து போட்டேன். வயிறு நிறைந்தால் முட்டைக்கு ஏன் போகப்போகிறது?

ஜூன் 11
நாய்க்கு சிங்கே, அதாவது சிங்கம், என்று பெயர் வைத்துவிட்டேன்; கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. நாங்கள் எல்லோரும் அமாலே, அம்மா, என்று கூப்பிடும் யாங்டோல் கிழவி ஆடுகளை ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "பொண்டாட்டிய லேவுல விட்டுட்டு இங்க நாயோட குடித்தனமா, நோனோ?" என்று தம்பியைக் கேலி செய்வதுபோல் கேட்டார். இந்த மாதம் மனிதக் குரல் கேட்டது இன்றுதான்.

ஜூன் 13
மேகம். மலையில் பனி உருகவில்லை. திட்டைச் சுற்றித் தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது.

ஜூன் 15
போச்சு. ஒரு முட்டை போச்சு. கொக்கு அலறுவது கேட்டு ஓடினேன் — சிங்கே சேற்றில் நடந்தே திட்டுக்குப் போயிருக்கிறது. வாயெல்லாம் மஞ்சள். அடிச்சேன். அடி வாங்கிட்டு என் காலடியிலேயே வந்து படுத்துக்குது. யாரை அடிக்கணும்? சோறு போட்டு இங்கேயே நிறுத்தி வச்சது யாரு?

ஜூன் 16
கட்டிப்போட்டேன். நாள் முழுக்க முனகல். கொக்குகள் கூட்டை விட்டுப் போகவில்லை. மிச்சமிருக்கும் முட்டை மேல் பெண் உட்கார்ந்திருக்கிறது. ஆண் சுற்றிலும் புல்லை இழுத்துப் போடுகிறது.

ஜூன் 18
யாக் முடிக் கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டது. கரையில் போய்த்தான் பிடித்தேன்.

ஜூன் 19
அமாலே கணவாய்க்கு அப்பால் கோடை மேய்ச்சலுக்குக் கிளம்புகிறார்.
"எங்கிட்டக் குடு. ஓநாயப் பாத்தா கொரைக்க ஒண்ணு வேணும்."
"கட்டி வச்சுப் பாக்கறேன், அமாலே."
"நேத்தும் கட்டித்தானே வச்சிருந்த?"
கொடுத்துவிட்டேன். இந்தக் கூடாரம் இவ்வளவு பெரிதா?

ஜூலை 7
குஞ்சு பொரித்துவிட்டது. செம்பழுப்பு நிறம். தள்ளாடி நடந்து தாயின் இறக்கைக்குள் ஒளிந்துகொள்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அழுதேன்.

ஆகஸ்ட் 20
அமாலே ஆடுகளோடு திரும்பி இந்த வழியாக வந்தார். நாய் கொழுத்திருந்தது. கூடாரத்தைக் கண்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டது. வால் மட்டும் ஆடியது.

"ஒரு தடவ பேரச் சொல்லு நோனோ, ஓடியாந்துரும். நீயும் தனியாத்தான கெடக்க."

சதுப்பில் குஞ்சு, தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே மேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் பறக்க வரவில்லை.

நான் பெயரைச் சொல்லவில்லை. நாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு ஆடுகளின் பின்னால் போய்விட்டது.