உதடு ஒட்டாத பாட்டு

மார்ச் 3, திங்கள்

தட்டு இன்று சுவரில் போய் மோதியது. என் மேல் படவில்லை. ஆக, நல்ல நாள்.

சோறு குழைந்துவிட்டதாம். குழைந்த சோற்றைச் சுவரிலிருந்து வழித்துக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். "அந்த முனகலை நிறுத்துறியா, இல்ல நான் வந்து நிறுத்தவா?" என்று உள்ளேயிருந்து குரல். நிறுத்தினேன்.

என் பிள்ளைக்கு இருபத்தாறு வயது. போன் கடையில் தன்னோடு வேலை பார்த்தவனை அடித்ததில் வேலை போயிற்று. அதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். அடிக்க இப்போது வீட்டில் நான் ஒருத்திதானே. அவன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஆகியிருக்கும். அந்த மனுஷன் மட்டும் என்னைப் பூவாலயா தொட்டார்?

மார்ச் 7, வெள்ளி

மெட்டுக்கடையில் இன்று டாப் கியர் முறை. லாரி ஓட்டுகிறவர், அதனால் அந்தப் பெயர். அவர் தன்னானே போட்டால் பின்னால் இன்ஜின் தாளம் போடும்.

மெட்டுக்கடை எங்கள் போன் குழு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, சொந்தப் பெயரும் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒருவர் மெட்டு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்றவர்கள் வார்த்தை போட்டுப் பாடி அனுப்ப வேண்டும். 'அருமை', 'சூப்பர்', கைதட்டுகிற பொம்மை எல்லாம் தடை. ஒரு பாட்டு பிடித்திருந்தால், பிடித்த வரியை உன் குரலில் திருப்பிப் பாடி அனுப்பு. இங்கே பாராட்டு என்றால் அதுதான். டீச்சர் போட்ட சட்டம். டீச்சர் நிஜமாகவே டீச்சர், ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் திருத்துவதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆரஞ்சு என்று ஒரு பெண், பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள்.

நான் ஈரத்துணி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்வாள்?

மார்ச் 9, ஞாயிறு

இன்று டியூட்டி. மெஷின்கள் சுற்றுகிற சத்தத்துக்குப் பக்கத்தில், போர்வை அடுக்கும் அறையில் நின்று பாடி அனுப்பினேன்.

பூட்டின வீட்டுக்குள்ள காத்து மட்டும் வந்து போகுது
சாவி எங்கேன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே போகுது

வீட்டுக்கு வருவதற்குள் நாலு பேர் திருப்பிப் பாடியிருந்தார்கள். டாப் கியர் பெட்ரோல் பங்கில் நின்று பாடியிருக்கிறார், நடுவில் யாரோ "டேங்க் ஃபுல்லா?" என்று கேட்கிறார்கள், அதற்கும் அதே மெட்டில் "ஃபுல்லு" என்கிறார். அடுப்படியில் நின்று சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வரி என் வாயிலிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றி எனக்கே திரும்பி வருகிறது. இந்த வாழ்க்கையில் எனக்கென்று வந்தது வேறு என்ன இருக்கிறது?

அவன் பின்னால் வந்தது தெரியவில்லை. கொண்டையோடு பிடித்து அலமாரி விளிம்பில் என் நெற்றியை இடித்தான். "அம்பது வயசுல ஆம்பளைங்களோட பாட்டு கேக்குதா உனக்கு?" என்றான். மறுபடி இடித்தான்.

மார்ச் 10, திங்கள்

முடியை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மடிப்புக்காரி, என்னோடு போர்வை மடிக்கிறவள், பார்த்துவிட்டாள். தன் டீயில் பாதியை என் டம்ளரில் ஊற்றினாள்.

மார்ச் 13, வியாழன்

எழுதணும்.

போனைத் திறக்கிற நம்பரைக் கேட்டான். தர மாட்டேன்னேன். அவன்கிட்ட நான் சொன்ன முதல் 'மாட்டேன்'. புறங்கையால ஒண்ணு விட்டான், வாட்ச் கட்டின கை. மேல் உதடு பழைய தலையணை உறை மாதிரி கிழிஞ்சுது. கீழ் உதடும் பல்லுல குத்தி ஓட்டை. ரத்தத்தைப் பார்த்ததும் அவனே டாக்ஸி கூப்பிட்டான். நான் வேலை செய்யிற ஆஸ்பத்திரிக்கே.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர்." என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னான். நகம் உள்ளே இறங்கியது. அந்தச் சின்ன டாக்டரம்மா என்னையே பார்த்தாள். "அப்படியாம்மா?"

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? போலீஸ், கோர்ட், ஜெயில், அப்புறம் அவனுக்கு யார் வேலை கொடுப்பான்? அதை நினைத்துத்தான் ஆட்டினேன். அடி வாங்கிய வாயோடு அவன் எதிர்காலத்தைக் கணக்குப் போடுகிறேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

லீவு போடவில்லை. வீட்டில் இருப்பதற்கு இதுவே மேல்.

அவசரப் பிரிவுக் கூடையில் என் தலையணை உறை வந்தது. எனக்குத் தெரியும், ரத்தத்துக்குப் பக்கத்தில் என் தலைச்சாயம் ஒட்டியிருந்தது. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் துணியிலேயே தங்கிவிடும்.

இந்த வார மெட்டு ஆரஞ்சுடையது. மெஷின் பக்கத்தில் நின்று முணுமுணுத்துப் பார்த்தேன். 'ம' வரவில்லை. உதட்டைச் சேர்த்தால் தையல் இழுக்கிறது. 'ப' இல்லை, 'வ' இல்லை. 'ஊ' என்று குவித்தால் உயிர் போகிறது. சரி, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

மிச்சத்தை வைத்துக் கட்டிவிட்டேன்.

எத்தனை நாள் இனி, எத்தனை நாள்
கதைத்திட நா இல்லை, கண்ணீர் இல்லை
எட்டி நின்ற என் நிழலே
கிட்ட நீ தான் இனி

பாடி அனுப்பினேன். பாதி திறந்த வாயை அசைக்காமல், நாக்கால் மட்டும். 'அம்மா' என்கிற சொல் இதில் வராது. 'மகன்' என்பதும் வராது. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 17, திங்கள்

டீச்சர் தன் சட்டத்தைத் தானே மீறி 'அருமை' என்று எழுதிவிட்டார். பிறகு குரலிலும் வந்தார். "ஈரத்துணி, இதழகல் பாடியிருக்கியேம்மா! உதடு ரெண்டும் ஒட்டாத எழுத்தா பொறுக்கி எடுத்துப் பாடறது. புலவர்களே திணறுற இடம். நானும் மூணு தடவை கேட்டுட்டேன், ஒரு இடத்துலகூட ஒட்டல."

இதற்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. முதலில் குளிர்ந்துபோனேன். நான் புலவர் வேலை பார்த்திருக்கிறேனாம். பிறகு ஆளாளுக்குக் கொண்டாட்டம். அடுத்த வாரம் எல்லோரும் இதழகல்தான் என்று ஆரஞ்சு அறிவிக்கிறாள். ஒருவர் பாட முயன்று 'ம' போட்டுத் தோற்றார், அதற்கு ஒரே சிரிப்பு.

அப்போதுதான் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கெல்லாம் காது எதுக்குய்யா இருக்கு? தையல் போட்ட வாய் பாடுது, நீங்க எழுத்தை எண்ணிக்கிட்டு இருக்கீங்க. போனைத் துணிக்கூடையில் விட்டெறிந்தேன். பிறகு போய் எடுத்தேன். அவர்கள் என்ன செய்வார்கள், நான்தான் சொல்லவில்லையே.

மார்ச் 18, செவ்வாய்

டாப் கியர் தனியாகக் கூப்பிட்டார். இதுவரை கூப்பிட்டதே இல்லை. மெஷின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, உங்க வரியைத் திருப்பிப் பாடலாம்னு வண்டியில உக்காந்து பாடிப் பாத்தேன். கண்ணாடியில என் வாயைப் பாத்தேன். அசையவே இல்ல. சிரிச்சுக்கிட்டு ஆரம்பிச்சவன், பாதியில நிறுத்திட்டேன்." பிறகு கேட்டார், "வாயில என்னக்கா?"

"வழுக்கி விழுந்துட்டேன் தம்பி." உதடு ஒட்டாமல் 'விழுந்துட்டேன்' எப்படி வரும், குழறியது.

"சரிக்கா. விழுந்தீங்கன்னே வச்சுக்குவோம். மறுபடி விழுற மாதிரி இருந்தா, விழறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு குரல் கொடுங்க."

வைத்துவிட்டார். ஈரப் போர்வை மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். மடிப்புக்காரி வந்து, "போர்வை ஏற்கெனவே ஈரமாத்தான் இருக்கு, நீங்க வேற எதுக்கு?" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

அவன் இன்று பழச்சாறு வாங்கி வந்தான், உறிஞ்சுகுழாய் போட்டு. என் மடியில் தலை வைத்து அழுதான். "உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?" தலையைக் கோதினேன். அவனுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தபோது இதே எடைதான் மடியில் இருந்தது என்று தோன்றியது. அப்படியே மன்னித்துவிட்டேன்.

இந்தப் பழச்சாறுதான் ஒருநாள் என்னைக் கொல்லப்போகிறது.

மார்ச் 22, சனி

தையல் பிரித்தார்கள். அதே டாக்டரம்மா. "ம்" சொல்லுங்க என்றாள். சொன்னேன். இன்னும் ஏதாவது சொல்லணுமா என்றாள். இல்லை என்றேன்.

மார்ச் 24, திங்கள்

மடிப்புக்காரியின் அறை. உயிரோடு இருக்கிறேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, நேராகப் பார்த்து எழுதுகிறேன்.

நேற்று மதியம். ஆரஞ்சின் பழைய பாட்டு ஒன்றில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். திருப்பிப் பாடலாம் என்று அடுப்படியில் நின்றேன், உலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து உதடு ஒட்டிப் பாடுகிறேன், கொஞ்சம் சத்தமாகப் பாடிவிட்டேன்போல. கொடியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துப் பின்னாலிருந்து என் கழுத்தில் போட்டு முறுக்கினான். "இப்பப் பாடு. பாடேன்டி."

பெத்தவளை 'டி' போட்டான்.

கண் இருட்டியது. காலை உதறினேன், கை எதிலோ பட்டது, உலைப்பாத்திரம் கவிழ்ந்து அவன் தொடையில் கொட்டியது. துண்டு தளர்ந்தது. ஓடினேன். பாத்ரூம் கதவைச் சாத்தும்போது இடுக்கில் அவன் கை வந்தது. முழு உடம்பையும் போட்டுத் தள்ளினேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அலறிக்கொண்டு கையை உருவப் பார்த்தான். நான் விடவில்லை. திறந்து, இன்னொரு தடவை சாத்தினேன்.

முதல் தடவை உயிர் பிழைக்க. ரெண்டாவது தடவை எதுக்கு? எனக்குத் தெரியும் எதுக்குன்னு. நல்லா இருந்துச்சு. எழுதிட்டேன், இருக்கட்டும்.

கையை உருவிக்கொண்டான். தாழ் போட்டேன். அவன் உதைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு உதைக்கும் தாழ்ப்பாள் ஆணி கொஞ்சம் வெளியே வந்தது. போன் என் கையிலேயே இருந்திருக்கிறது. மெட்டுக்கடையைத் திறந்து பேசினேன். "என் மகன் என்னைக் கொல்லப் பாக்குறான். இது பாட்டு இல்ல."

இதற்கும் யாராவது திருப்பிப் பாடிவிட்டால் என்ன செய்வது என்றுதான் அந்த நேரத்தில் பயந்தேன். கதவு உடைவதைவிட அதற்குத்தான் பயந்தேன்.

யாரும் பாடவில்லை. டாப் கியர்தான் முதலில் கேட்டார். "வீடு எங்கக்கா?" இத்தனை காலத்தில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. விலாசத்தைத் தட்டினேன், விரல் வழுக்கியது. உடனே ஆரஞ்சு, "ஐயோ, எங்க பேக்கரிக்குப் பின்னால தெருதான். போலீசுக்குச் சொல்லிட்டேன், நானும் கிளம்பிட்டேன்" என்றாள். டீச்சர் போனிலேயே இருந்தார். "பேசிட்டே இரும்மா. ஏதாவது பேசு. நிறுத்தாதே." கதவில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பேசினேன். சலவை சோப்பு, ரத்தக் கறை, அவன் சின்ன வயதில் சோற்றில் கத்தரிக்காயைப் பொறுக்கி ஒதுக்குவது, என்னென்னவோ. என் முதுகில் அவன் உதை ஒவ்வொன்றாக விழுந்தது.

பிறகு உதை நின்றது, வெளியே பல குரல்கள். கதவைத் திறந்தால், மாவு அப்பிய ஏப்ரனோடு ஒரு பெண், கையில் ரொட்டி தள்ளுகிற நீளக் கட்டை. பின்னால் அவளைப் போலவே மாவோடு ரெண்டு ஆட்கள், போலீஸ். "ஈரத்துணி அக்காவா?" என்று கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். குரலை வைத்து ஒல்லிப் பெண் என்று நினைத்திருந்தேன். நல்ல பருமன்.

ஸ்டேஷனில் எழுதுகிறவர் பேனாவை எடுக்காமல் பார்த்தார். "பெத்த பையனாச்சே. யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சாச்சு. எழுதுங்க. அடிச்சது என் மகன்."

மார்ச் 26, புதன்

டீச்சரிடமிருந்து ஒரு வரி. 'உன் வாய் கிழிந்திருந்தபோது நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.' என்ன பதில் எழுதுவது? நல்ல மார்க்தானே டீச்சர் போட்டீங்க என்று எழுதினேன்.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணன் வந்தான். என் பிள்ளைக்குக் கையில் கட்டுப் போட்டிருக்கிறதாம், தொடையில் கொப்புளமாம், போலீஸ் காவலோடு வார்டில் கிடக்கிறானாம். "கேஸை வாபஸ் வாங்கு. பெத்த வயிறுதானே."

"அந்த வயித்துலயும்தாண்ணே உதைச்சிருக்கான்" என்றேன். டீயைக் குடிக்காமல் எழுந்து போனான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அந்த வார்டுக் கூடை இன்று என் மெஷினுக்குத்தான் வந்தது. எந்தப் போர்வை அவனுடையது என்று தேடவில்லை. எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரில் போட்டேன்.

பிறகு கழிவறையில் போய் அழுதேன். அவனுக்காகத்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

டாப் கியர் மெட்டு வந்தது. இந்தத் தடவை இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாடியிருக்கிறார்.

மடிப்புக்காரி கடைக்குப் போயிருந்தாள். நான் சோறு வைத்துக்கொண்டே வார்த்தை போட்டுப் பார்த்தேன். இரண்டாவது வரி தானாக வந்து விழுந்தது. அதையே நாலைந்து தடவை பாடிக்கொண்டிருந்தேன். படியில் காலடிச் சத்தம். வாய் தானாக மூடிக்கொண்டது. கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன்.

மடிப்புக்காரிதான். பையைக் கீழே வைத்தாள். என்னையும் கரண்டியையும் பார்த்தாள்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க?"

"சும்மாதான்."

"அந்த ரெண்டாவது வரி நல்லா இருந்துச்சே," என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தைக் கூடையில் கொட்டியபடியே அந்த வரியைத் திருப்பிப் பாடினாள். மெட்டுக்கடையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. சுருதி எங்கேயோ, தாளம் எங்கேயோ, ஒரு வார்த்தையை வேறு விழுங்கிவிட்டாள்.

சோற்றை இறக்கி வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து பாடிக் காட்டினேன்.